ராட்டினத்தில் ஏற்றுவதா, வேண்டாமா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்கு வேறொரு முகம் வந்துவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில், ஆண்டின் பெரும்பகுதியை மூடுபனிக்குள் கழிக்கும் அந்தச் சிறு நகரம், வசந்தகாலம் என்று பெயர் பெற்ற அந்த ஒரு மாதத்தில் திருவிழாக் கோலம் பூணுகிறது. கொழும்பு வெயிலுக்கு அஞ்சி மலையேறிய வெள்ளைக்காரத் துரைமார் தொடக்கிவைத்த வழக்கம் இது. குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் அவர்கள் விட்டுச் சென்றவை. ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் 1873இல் உருவாக்கப்பட்ட கிரகரி வாவியும், விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டி 1897இல் பெயர் பெற்ற விக்டோரியா பூங்காவும் இன்றும் அந்தக் கொண்டாட்டத்தின் மையங்களாக விளங்குகின்றன.

துரைமார் போய்விட்டார்கள். இப்போது அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, இராகலை, கந்தப்பளை எனச் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வேன் பிடித்து வருகிறார்கள். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வந்த நம்மவர்களும் அந்தக் கூட்டத்தில் கலந்து நிற்கிறார்கள். வாவியில் படகு, கரையில் மட்டக்குதிரை, பூங்காவில் சிறுவர் ரயில், மைதானத்தில் கார்னிவல். கார்னிவல் என்றால் இராட்சத ராட்டினம், குடை ராட்டினம், முன்னும் பின்னும் ஆடும் கப்பல், இருட்டுக் கூடாரத்துக்குள் பேய் வீடு, மோட்டார் சைக்கிள் சுழன்றோடும் மரணக் கிணறு எல்லாம் அதற்குள் அடக்கம்.

பத்திரிகையாளனாக அந்தக் கூட்டத்தில் பல ஏப்ரல் மாதங்கள் நின்றிருக்கிறேன். அமைச்சர் நாடா வெட்டியதும், தங்குமிடக் கட்டணம் ஏறியதும், வாகன நெரிசலும் செய்தியாகும். சீட்டு விற்கும் கூண்டின் முன்னால் பெற்றோர் முகங்களில் தெரியும் தயக்கம் செய்தியாவதில்லை. ‘இதில் என் பிள்ளையை ஏற்றலாமா?’ என்பதுதான் அந்தத் தயக்கம். ஓய்வாக எழுதக் கிடைத்த இந்தப் பக்கத்தில் அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச எண்ணுகிறேன்.

ஒரு முறை கண்டதைச் சொல்கிறேன். தோட்டத்துக் குடும்பம் ஒன்று இராட்சத ராட்டினத்தின் வரிசையில் நின்றது. ஐந்து வயது மதிக்கத்தக்க பையன் தகப்பனின் காற்சட்டையை இறுகப் பற்றிக்கொண்டிருந்தான்.

“வேணாம்ப்பா” என்றான்.

“அட, ஒண்ணும் ஆகாது தம்பி. டிக்கெட் எடுத்தாச்சு” என்றார் தகப்பன்.

“ஆம்பளப் புள்ள அழலாமா?” என்றாள் தாய்.

“விட்டுடுங்க மாப்புள்ள, புள்ள நடுங்குதுல்ல” என்றார் அந்தப் பையனின் அம்மாயி. அவர் பேச்சு எடுபடவில்லை. பையனைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

அதே வரிசையில் அவர்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம். அவர்கள் அடுத்ததாக ஏறவிருந்தது ஆடும் கப்பலில். ஆறு வயதுச் சிறுமி துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தாள். “பயமா இருக்கா பாப்பா?” என்று தகப்பன் கேட்டார். “இல்லப்பா!” என்றாள். அத்தோடு விசாரணை முடிந்தது. கப்பலில் பருமனான மாமா ஒருவருக்கு அருகில் அவளை உட்கார வைத்தார்கள். மடிக்கு மேல் வந்து பூட்டும் இரும்புக் கம்பி மாமாவின் வயிற்றில் தட்டி நின்றுவிட்டது. சிறுமிக்கும் கம்பிக்கும் இடையே இன்னொரு குழந்தை நுழையும் அளவுக்கு இடைவெளி. யாரும் கவனிக்கவில்லை.

இரு குழந்தைகளும் பத்திரமாகவே இறங்கினார்கள். பையன் வாந்தி எடுத்தான், அவ்வளவுதான். ஆனாலும் அந்த இரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது ஓர் உண்மை துலங்கியது. ஆபத்து இருக்கிறதா என்பது பெரியவர்கள் ஆராய வேண்டிய கேள்வி. அச்சமாக இருக்கிறதா என்பது பிள்ளை மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி. நாமோ இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கிறோம். ‘பயமில்லை’ என்று பிள்ளை சொன்னால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். ‘பயமாக இருக்கிறது’ என்று பிள்ளை சொன்னால், ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று நாமே தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

அச்சமும் ஆபத்தும் வெவ்வேறு என்பதற்கு உலக அனுபவமே சான்று. கலிபோர்னியாவின் டிஸ்னிலாண்ட் 1955இல் திறக்கப்பட்டபோது, வெண்பனி இளவரசியின் கதையைச் சொல்லும் சவாரி ஒன்று அங்கே அமைந்தது. சிறு வண்டி ஒன்று இருட்டுக்குள் மெல்ல ஊர்ந்து செல்லும். உயரமில்லை, வேகமில்லை. ஆனால் திருப்பங்களில் சூனியக்காரி தோன்றுவாள். சவாரி செய்பவரே இளவரசியின் இடத்தில் இருப்பதாகக் கற்பனை செய்திருந்ததால், இளவரசியை அங்கே காண முடியாது. குழந்தைகள் கண்டதெல்லாம் சூனியக்காரியைத்தான். 1983இல் சவாரியைப் புதுப்பித்தபோது அதன் பெயரிலேயே ‘அச்சமூட்டும்’ என்ற பொருள்படும் சொல்லைச் சேர்த்தார்கள். 2021இல் மறுபடியும் மாற்றி, மகிழ்ச்சியான முடிவோடும் புதிய பெயரோடும் திறந்தார்கள். இயந்திரப் பொறியியலில் உலகுக்கே முன்மாதிரியாக நின்ற ஒரு நிறுவனம், மெல்ல ஊரும் வண்டி ஒன்று சிறு பிள்ளைகளுக்கு எவ்வளவு அச்சம் தரும் என்ற கணக்கைத் திருத்தி முடிக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் 2014இல் திறக்கப்பட்ட நீர்ச்சறுக்கு ஒன்று 51 மீற்றர் உயரத்தால் உலகப் புகழ் பெற்றது. ஆசையோடு ஏறுவதற்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். 2016 ஆகஸ்டில் 10 வயதுச் சிறுவன் ஒருவன் அதில் உயிரிழந்தான். மூடப்பட்ட அந்தச் சறுக்கு 2018இல் இடித்துத் தள்ளப்பட்டது. அதே 2016ஆம் ஆண்டு மே மாதத்தில், சென்னைக்கு அருகே தாம்பரத்தில் உள்ள கிஷ்கிந்தா பூங்காவில், ஊழியர்களை ஏற்றி நடத்திய சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் ஒன்று விபத்துக்குள்ளாகி ஊழியர் ஒருவர் மாண்டார், பலர் காயமடைந்தனர். ஏறியவர்கள் அனைவரும் அதை அன்றாடம் கண்டு பழகியவர்கள். அவர்களுக்கு அச்சம் இருந்திருக்க நியாயமில்லை.

நமது மலையகத்துக்கு அருகிலேயே ஒரு துயரம் நடந்தது. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் நடைபெற்ற நரிமலை மோட்டார்ப் பந்தயத்தில், பாதையை விட்டு விலகிய கார் ஒன்று பார்வையாளர் பக்கம் பாய்ந்து ஏழு பேர் இறந்தனர். அவர்களுள் 8 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். ராட்டினத்தில் ஏறாமல் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பது பாதுகாப்பானது என்றுதான் எந்தப் பெற்றோரும் நினைப்பார்கள். ஆபத்து சில வேளை அச்சமே எழாத இடத்தில் நிற்கிறது.

ஆகவே முதலில் ஆபத்து. இதைப் பார்ப்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை, சற்று நேரமும் பொறுமையும் போதும். வாயிலில் உயர அளவுப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அளவு பிள்ளையின் வீரத்தைச் சோதிப்பதற்காக வைக்கப்பட்டதென்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பூட்டுக் கம்பியும் இருக்கையும் அந்த உடலைப் பிடித்து வைக்குமா என்பதற்கான அளவு. கால் விரலில் எக்கி நின்று அளவைத் தாண்டும் பிள்ளையைக் கண்டு சிரித்துவிட்டு உள்ளே அனுப்புவது விளையாட்டல்ல. இருவருக்கும் பொதுவான கம்பியாக இருந்தால் அது பெரிய உடலில்தான் தட்டி நிற்கும். சிறிய உடலுக்கு அப்போது பிடிமானமே இல்லை. சிறு குழந்தைகளின் தலை உடலோடு ஒப்பிடுகையில் பெரிது, கழுத்துத் தசைகளோ வலுக் குறைந்தவை. சட்டென்று வெட்டித் திரும்பும் சவாரிகள் பெரியவருக்குக் கூச்சம் தருவதோடு நிற்கும். குழந்தையின் கழுத்துக்கு அது வேறு கணக்கு.

நுவரெலியாவுக்கென்றே சில கவனங்கள் உண்டு. ஏப்ரலில் அங்கே பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவது வழக்கம். கார்னிவல் ராட்டினங்கள் நிரந்தர அத்திவாரம் இல்லாமல், புல்வெளியில் மரக்கட்டைகளை அடுக்கி நிறுத்தப்படுபவை. மழைக்குப் பின் மண் இளகும். கட்டைகள் சேற்றில் அமிழ்ந்திருந்தால், ராட்டினம் சுழலும்போது அடித்தளம் அசைந்தால், அங்கிருந்து விலகிவிடுவதே அறிவு. குளிருக்காகப் பிள்ளைக்குச் சுற்றிய கழுத்துச் சால்வையை ஏறுமுன் கழற்றிவிட வேண்டும். சுழலும் பொறியில் துணி சிக்கினால் என்னவாகும் என்பதைத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. படகில் ஏறினால் பிள்ளையின் அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கி வேண்டும். பெரியவரின் அங்கியைச் சிறுவனுக்கு மாட்டினால், தண்ணீரில் அங்கி மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். ராட்டினத்தை இயக்குபவர் ஒவ்வொரு கம்பியையும் கையால் இழுத்துப் பார்க்கிறாரா, அல்லது கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே விசையைத் தட்டுகிறாரா என்பதையும் கவனியுங்கள். இவற்றுள் எதிலேனும் மனம் ஒப்பவில்லையென்றால், பிள்ளை எவ்வளவு அடம்பிடித்தாலும் மறுத்துவிட வேண்டியது நமது கடமை. அங்கே பிள்ளையின் விருப்பத்துக்கு இடமில்லை.

அடுத்தது அச்சம். இங்கே நமது அதிகாரம் செல்லாது.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்தார். தெய்வம், விலங்கு, கள்வர், அரசர் என அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றார். இயந்திரம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வியப்பாகிய மருட்கையை அவர் அச்சத்துக்கு உடன் முன்னதாகவே வைத்திருக்கிறார். ராட்டினத்தின் உச்சியில் ஒரு பிள்ளைக்கு மருட்கை தோன்றும், இன்னொரு பிள்ளைக்கு அச்சம் தோன்றும். ஒரே பிள்ளைக்குப் போன ஆண்டு ஒன்றும் இந்த ஆண்டு மற்றொன்றும் தோன்றலாம். எது தோன்றும் என்பதை வெளியே நிற்பவர் தீர்மானிக்க இயலாது.

ஓரளவு ஊகிக்க மட்டும் வயது உதவும். இரண்டு, மூன்று வயதில் பேரொலியும், இருட்டும், பெற்றோரைப் பிரிவதும், முகமூடி அணிந்த உருவங்களுமே பேரச்சம் தருவன. நான்கு, ஐந்து வயதில் கற்பனைக்கும் நிஜத்துக்கும் இடையிலான கோடு இன்னும் உறுதிப்படுவதில்லை. ‘அது சும்மா பொம்மை’ என்று நாம் சொல்வதைப் பிள்ளை ஏற்றுக்கொண்டு தலையசைக்கும். ஆனால் இரவில் அந்தப் பொம்மை கட்டிலுக்கு அடியில் வந்து படுத்துக்கொள்ளும். ஆகவே ஐந்து வயதுப் பிள்ளைக்கு இராட்சத ராட்டினத்தைவிடப் பேய் வீடு கடுமையானதாக இருக்கக்கூடும். மரணக் கிணற்றில் பிள்ளை எதிலும் ஏறுவதில்லை, மேலே நின்று பார்ப்பதோடு சரி. ஆனால் காதைப் பிளக்கும் இரைச்சலும், காலடியில் அதிரும் பலகையும், கைக்கெட்டும் தூரம் வரை ஏறி வரும் மோட்டார் சைக்கிளும் மூன்று வயதுக் குழந்தைக்கு எப்படித் தோன்றும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெரியவர்களுக்குத் தோன்றாத இன்னொன்றும் உண்டு. இராட்சத ராட்டினம் சுற்றும்போது பயப்படாத பிள்ளை, அது நிற்கும்போது பயப்படும். கீழே ஒவ்வொரு பெட்டியாக ஆட்களை இறக்கி ஏற்றும் வரை, மேலே உள்ள பெட்டி அந்தரத்தில் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அந்தச் சில நிமிடங்களில் ‘இறங்க வேண்டும்’ என்று பிள்ளை கதறினால் எவராலும் ஒன்றும் செய்ய இயலாது.

குழந்தைக்கு அச்சமே கூடாது என்று நான் வாதிடவில்லை. நோர்வே நாட்டு ஆய்வாளர் எலன் சான்ட்செட்டர் 2007இல் குழந்தைகளின் துணிகர விளையாட்டுகளை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டினார். உயரமும் வேகமும் அவற்றுள் இரண்டு. குழந்தைகள் அவற்றைத் தாமாகவே தேடிப் போகிறார்கள் என்பதும், அதனால் அச்சத்தைக் கையாளப் பழகுகிறார்கள் என்பதும் அவரது கருத்து. தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இது புதிய செய்தியாக இராது. மரக்கிளையில் கயிறு கட்டி ஊஞ்சலாடியதும், சரிவான புல்லில் மட்டையில் உட்கார்ந்து சறுக்கியதும் அதே விளையாட்டுகள்தாம். ஆனால் கயிற்று ஊஞ்சலில் எவ்வளவு உயரம் போவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்கிறது. போதும் என்று தோன்றினால் காலை ஊன்றி நிறுத்திவிடும். அச்சத்தின் அளவு அதன் கையில் இருக்கிறது. இயந்திர ராட்டினத்தில் ஏறி அமர்ந்த கணத்தில் அந்த அளவு பிள்ளையின் கையை விட்டுப் போய்விடுகிறது. எனவேதான் ஏறுவதற்கு முன்னால் பிள்ளை சொல்லும் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு இத்தனை மதிப்பு. காலை ஊன்றி நிறுத்த அதற்கு வாய்க்கும் ஒரே தருணம் அதுதான்.

மலையகப் பிள்ளைகள் குறித்துத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ‘தோட்டத்துப் புள்ளைங்க, எதுக்கும் பயப்படாதுங்க’ என்று பெருமையாகப் பேசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உண்மைதான். குளவி கொட்டும் மலையில் தாய் கொழுந்து பறிக்கிறாள், சிறுத்தை நடமாடும் பாதையில் பிள்ளை பாடசாலைக்கு நடக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளைகள் அச்சம் அறியாதவர்கள் அல்லர். அச்சத்தை வெளியே சொல்லாமல் விழுங்கப் பழகியவர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்மலை சரிந்து லயன் வீடுகளைப் புதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாடெங்கும் மண்சரிவுகளை உண்டாக்கியது. மழை பலத்தால் இரவோடிரவாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக் கட்டடத்திலோ கோயில் மண்டபத்திலோ தஞ்சம் புகுந்த குடும்பங்கள் எத்தனையோ. அப்படியோர் இரவைக் கண்ட பிள்ளைக்கு, காலடியில் நிலம் அதிர்வதும், தொலைவில் எழும் முழக்கமும், இருட்டில் பலர் ஒன்றாக அலறுவதும் வேடிக்கையாகத் தோன்றும் என்று எவர் உறுதி சொல்வது? ஆடும் கப்பலின் முன்னால் ஒரு பிள்ளை விறைத்து நின்றால், அது கப்பலைக் கண்டு விறைத்ததா, வேறெதையோ நினைந்து விறைத்ததா என்பது நமக்குத் தெரியாது. காரணம் கேட்காமலேயே கையைப் பிடித்து அழைத்துச் செல்வதுதான் அவ்வேளையில் செய்யத்தக்கது.

வறுமையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. 1000 ரூபா நாட்சம்பளத்தை 2021இல் பெறுவதற்கே ஆண்டுக்கணக்காகப் போராட நேர்ந்த சமூகம் இது. மாதக்கணக்கில் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் ஒரு நாள் உல்லாசம். அந்தப் பணத்தில் வாங்கிய நுழைவுச்சீட்டு வீணாகப் போவதை எந்தத் தகப்பனால் பொறுத்துக்கொள்ள முடியும்? ‘டிக்கெட் எடுத்தாச்சு’ என்ற சொல்லில் கொடுமை ஏதுமில்லை, அதில் இருப்பது பல நாள் உழைப்பின் பாரம். அதனால்தான் சீட்டு வாங்குமுன் முடிவெடுப்பது மேல் என்கிறேன்.

செய்முறை எளிது. பிள்ளையோடு ராட்டினத்தின் அருகே நின்று மூன்று சுற்று முழுமையாகப் பாருங்கள். ஏறுகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டு இறங்குகிறவர்களின் முகத்தைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். உச்சியில் நிற்கும், ஆடும், நடுவில் இறங்க முடியாது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். பிறகு, ‘பயமா?’ என்று கேட்காமல், ‘ஏறலாமா, பார்த்துக்கொண்டே நிற்கலாமா?’ என்று கேளுங்கள். இரண்டும் சமமான விருப்பங்கள் என்று உங்கள் குரல் சொல்ல வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்பதே போதும் என்று பிள்ளை சொன்னால், அந்தப் பணத்துக்கு அவித்த சோளம் வாங்கிக் கொடுங்கள். அண்ணன் ஏறினான், தங்கை ஏறினாள் என்ற ஒப்பீடு வேண்டாம். ஆண் பிள்ளை என்ற அறிவுரையும் வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் பாரிஸிலும் டொரொன்டோவிலும் பெரிய ராட்டினங்களைக் கண்டு பழகியவர்கள். தோட்டத்தில் இருக்கும் உங்கள் அண்ணன் பிள்ளைக்கு இது முதல் ராட்டினமாக இருக்கலாம். சித்தப்பா வாங்கித் தந்த சீட்டு என்பதால் மறுக்கத் துணியாமல் அது ஏறி உட்காரும். பரிசாகக் கொடுப்பவர் முன்னால் ‘வேண்டாம்’ என்று சொல்வது ஒரு பிள்ளைக்கு மிகக் கடினம். அந்தச் சொல்லைச் சொல்ல அதற்கு நீங்களே இடம் கொடுங்கள்.

அடுத்த ஏப்ரலிலும் ராட்டினம் அதே மைதானத்துக்கு வரும். பிள்ளை அப்போது சில அங்குலம் வளர்ந்திருக்கும். இந்த ஆண்டு மறுத்ததற்காக எவரும் அதைக் கேலி செய்யாதிருந்தால், அடுத்த ஆண்டு அதுவே உங்கள் கையைப் பிடித்து வரிசைக்கு இழுத்துச் செல்லக்கூடும். இழுக்காவிட்டாலும் குறையொன்றுமில்லை.